அம்மா சொன்ன ஒன்பது முடிவுகள்

1974ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் திகதி, புதன்கிழமை, காலை பத்து மணி முப்பத்தைந்து நிமிடம், மழை. விடியற்காலை நான்கு மணிக்குப் பிடித்த மழை அதுவரை ஒரு தடவைகூட ஓய்ந்திருக்கவில்லை. யட்டியாந்தோட்டைக் கடைவீதி முடிகிற இடத்தில் ஆற்றுப் பக்கமாகச் சரிந்து நின்ற தகரச் சினிமாக் கொட்டகைக்குள் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேரும் நுழைந்தபோது முதலில் முகத்தில் அடித்தது வாடைதான்: நனைந்த சாக்கு, பீடிப்புகை, தேங்காயெண்ணெய், கொட்டகைக்குப் பின்னால் ஓடிய எஞ்சினின் டீசல். கூரைமேல் மழை விழுந்த சத்தத்தில் அப்பா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, சொல் வரவில்லை.

நேரத்தையும் மழையையும் இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பவர்களுக்கு: எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எதைக் கண்டாலும் எண்ணி ஒரு கொப்பியில் எழுதி வைக்கும் வியாதி அப்போதே எனக்கு இருந்தது. எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு நூற்றுப் பதினெட்டு காலடி. லயத்தில் குடும்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு காம்பரா, அறுபத்தேழு ஆட்கள், மூன்று நாய். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது, கறையான் தின்றது போக இருபத்திரண்டு பக்கம். பிற்பாடு தபால் கந்தோரில் முப்பத்தாறு வருடம் முத்திரை எண்ணிச் சம்பளம் வாங்கியதற்கும் இந்த வியாதிதான் காரணம் என்று என் மனைவி சொல்வாள்.

நாங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள். கொழுந்து பறிக்கிற தோட்டமாக இருந்தால் மழையிலும் வேலை உண்டு. ரப்பரில் மழை பெய்தால் வேலை நின்றுவிடும். பட்டை நனைந்த மரத்தில் கத்தி வைத்தால் பால் சிரட்டைக்கு வராமல் தண்டெல்லாம் வழிந்து வீணாகும். ஆகவே விடியற்காலையில் மழை இருந்தால் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், எல்லாரும் வீட்டுக்குத் திரும்புவார்கள். அன்றைக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவில் "பேர்" விழாது. பேர் என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் கூலி. அந்த மாதம் பன்னிரண்டு நாளில் ஐந்து நாள் மழையில் போயிருந்தது.

அன்று ஓடை பெருகிப் பள்ளிக்கூடத்து மாஸ்டரும் வரவில்லை. எட்டு மணிக்கு அம்மா, அடுப்படியில் இருந்தபடியே, யாரிடமும் சொல்லாத மாதிரி, "கடவீதியில ஒரு படம் ஓடுதாம், சாப்பாட்டுப் படமாம்" என்றார். அப்பா வாசலில் நின்று மழையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சண்ட இருக்குமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், புறப்பட்டுவிட்டோம். நான்கு வயதுத் தங்கை கமலாவைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு, மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் "கொங்காணி" போட்டுக்கொண்டு இரண்டரை மைல் இறங்கினோம்.

இதை எழுதும்போது, அது என்ன வருஷம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கூப்பன் அரிசி குறைந்து, பாண் ரொட்டிக்கு விடியற்காலை வரிசையில் நின்று, பாதி நாள் வெறுங்கையோடு திரும்பிய வருஷம் அது. தோட்டத்து லயங்களில் மரவள்ளிக்கிழங்குதான் காலைக்கும் இரவுக்கும். அன்று காலை எனக்கு மூன்று துண்டு, அப்பாவுக்கு நான்கு, கமலாவுக்கு ஒன்றரை. அம்மாவுக்கு எத்தனை என்று கொப்பியில் இல்லை. அம்மா சாப்பிட்டதை நான் பார்த்திருந்தால்தானே எழுத முடியும். எங்களுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்த்து நின்றபடி, முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ வாயில் போட்டுக்கொள்வார். எங்கள் காம்பராவில் மட்டும் அப்படி இல்லை, பன்னிரண்டு காம்பராவிலும் பெண்கள் நின்றுகொண்டுதான் தின்றார்கள்.

இப்படிப்பட்ட வயிறுகளோடு நாங்கள் பார்க்கப் போன படம், முதலிலிருந்து கடைசிவரை சாப்பாட்டைப் பற்றியது.

படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. வாசலில் ஒட்டியிருந்த விளம்பரத்தாளில் அகப்பை பிடித்த ஒரு பெண்ணின் முகமும் கீழே இரண்டு எழுத்தும் மிஞ்சியிருந்தன, மீதியை மழை கழுவிக்கொண்டு போயிருந்தது. உள்ளே போனபோது பெயர் போடுவதும் முடிந்துவிட்டது. கறுப்பு வெள்ளைப் படம். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். கடைகளில் தராசையும் படிக்கல்லையும் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் ஒருவன் அங்கே மாற்றலாகி வருகிறான். ஏதோ காய்ச்சலில் அவனுக்கு நாக்கில் ருசி போய்விட்டது. மழைச் சத்தத்தில் ஒரு வசனமும் கேட்காமல் இதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், அவன் ஒரு டாக்டர் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதன் பிறகு மருந்தையும் காப்பியையும் ஒரே முகத்தோடு குடித்தான்.

அந்த ஊரில் மூன்று மேசை போட்டுச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறாள் ஒரு பெண். தராசைப் பார்க்க வந்தவனை உட்காரச் சொல்லி இலை போடுகிறாள். அவன் மரக்கட்டை மாதிரித் தின்றுவிட்டுக் கை கழுவுகிறான். நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. அவளுக்கு அது அவமானமாகப் படுகிறது. மறுநாள் வேறொன்று சமைக்கிறாள், அதற்கு மறுநாள் வேறொன்று. படம் முழுக்க இவ்வளவுதான். அவள் வாழைக்காயை மெல்லிசாகச் சீவுவாள், முருங்கைக்காயை நறுக்குவாள், மண்சட்டியில் மீன் கொதிப்பதைக் குனிந்து முகர்வாள். அவன் வருவான், உட்காருவான், இலையில் தண்ணீர் தெளித்துத் துடைப்பான். நான் பதினான்கு பதார்த்தம் எண்ணினேன். இரண்டு பேரும் விரல்கூடத் தொட்டுக்கொள்ளவில்லை. அவள் பரிமாறக் குனியும்போது அவன் இலையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்வான், பிறகு வந்த நாட்களில் இழுக்காமல் விட்டான். கொட்டகையில் அதற்கே ஒருவன் விசில் அடித்தான்.

எங்கள் வரிசைக்குப் பின்னால் வழக்கு நடந்தது. மழைக்கு மேல் கத்திப் பேசியதால் அதுமட்டும் கேட்டது.

"அது ரசம்."

"ரசமாவது. பருப்புடா. கட்டியா எறங்குது பாரு."

"கறுப்பா இருக்கேப்பா. கருவாட்டுக் கொழம்பு."

"எல்லாமே கறுப்பாத்தான் இருக்கு. அந்தாளு சட்டையும்தான் கறுப்பா இருக்கு, அதுவும் கொழம்பா?"

"எதுவா இருந்தா என்ன, இந்தப் பக்கம் ஒரு கரண்டி ஊத்தச் சொல்லு."

சிரித்தார்கள். ஆனால் அடுத்த இலை விழுந்ததும் அத்தனை வாயும் மூடிக்கொண்டன. நிறத்தை நாங்கள்தான் போட்டுக்கொண்டோம், மஞ்சளும் மிளகாய்ச் சிவப்பும் அவரவர் வீட்டுச் சட்டியில் கடைசியாகப் பார்த்த அளவுக்கு. ஒரு காட்சியில் அவன் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே அவள் கடுகு தாளிக்கும் சத்தத்தைக் கேட்டு முதல் தடவையாகச் சிரித்தான். எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. அவனுக்கு நாக்கு இல்லை, எங்களுக்குக் காது இல்லை, இருந்தும் அந்தத் தகரக் கொட்டகையில் ஒருவரும் அசையாமல் இருந்தோம். பசியோடு சாப்பாட்டுப் படம் பார்த்தால் வயிறு எரியும் என்று இப்போது நினைக்கத் தோன்றுகிறது. எரியவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், ஒரு கை மடியில் விரிந்து கிடந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மாவின் முகம் அவ்வளவு சும்மா இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு மழை நின்றது. யாரோ கூரையைத் தூக்கி எடுத்துவிட்ட மாதிரி ஒரு நிசப்தம், அதில் முதல் தடவையாகப் படம் பேசியது. அவள், நடுமேசையருகே நின்றுகொண்டு, "இன்னைக்கு உப்புப் போட மறந்துட்டேன்" என்றாள்.

அவன் இன்னொரு கவளம் வைத்து மென்றுவிட்டு, "இல்லையே, இருக்கே" என்றான். "கொஞ்சம் கூடவே இருக்கு."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. உப்பை அவள் மறக்கவில்லை, அவனைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள். நாக்கு திரும்பிவிட்டது. அந்த நூற்றுச் சொச்சம் பேரும் ஒன்றாக மூச்சு விட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடுத்த காட்சியில் ஒரு பழுப்பு உறை வருகிறது, அவனுக்கு மாற்றல் உத்தரவு. மறுநாள் காலை பஸ்ஸில் போக வேண்டும். போவானா, இருப்பானா?

அப்போதுதான் கூரை ஆணி ஓட்டை வழியாக ஒரு வெயில் கம்பி கீழே இறங்கியது.

கடைவீதி ஆட்களுக்கு அது வெயில். எங்களுக்கு அது மணி. மழை விட்டு அரை மணி நேரம் வெயில் அடித்தால் பட்டை காய்ந்துவிடும், ரப்பர் இஸ்டோர் மணியை அடித்து ஆட்களைக் கூப்பிட்டு, நடுப்பகல் ஆனாலும் மரம் வெட்ட, அதாவது பட்டை கீறிப் பால் இறக்க, விடுவார்கள். அந்த மாதம் ஏற்கெனவே இத்தனை நாள் போயிருந்ததால் கட்டாயம் அடிப்பார்கள். மணிக்கு நிற்காதவனுக்குப் பேர் இல்லை. கொட்டகையில் அங்கங்கே தலைகள் எழும்பின. எழுந்தவர்கள் முப்பத்தொரு பேர்.

அப்பாவும் எழுந்தார். "எந்திரி புள்ள. மணி அடிச்சிருவாங்க."

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க போங்க. நான் முடிவப் பாத்துட்டு வாறேன்."

"பேரு போயிரும்."

"போகட்டும். ஒரு பேருதானே."

"ஒரு பேருதானேயா?" அப்பாவுக்குக் குரல் உயர்ந்தது. பின்னாலிருந்து, "அண்ணே, மறைக்குது" என்றான் ஒருவன். இன்னொருவர் சிங்களத்தில், "வாடி வென்ன மஹத்தயா" என்று மரியாதையாக உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவும் முடியாமல், கத்தவும் முடியாமல், குனிந்து, அம்மாவின் காதருகே என்னவோ சொன்னார். அம்மா தலையை மட்டும் அசைத்தார், இல்லை என்று. பதினைந்து வருடக் குடித்தனத்தில் அம்மா அப்பாவுக்கு அப்படித் தலையசைத்து நான் பார்த்த ஒரே தடவை அதுதான். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார். அம்மாவின் மரங்களுக்கு ஒரு ஆள் வேண்டுமே.

வாசலில் திரும்பிப் பார்த்தேன். தோட்டத்துப் பெண்களில் மிச்சம் இருந்தது இரண்டு பேர்: அம்மா, நான்கு வரிசை தள்ளி எங்கள் பக்கத்துக் காம்பரா செல்லம்மா சின்னம்மா. சின்னம்மாவின் புருஷன் லொறியில் போகிறவர், அன்று ஊரில் இல்லை.

குறுக்குப் பாதையில் ஓடினோம். பாதி வழியில் மணி கேட்டது. அப்பா தன் மரங்களையும் அம்மாவின் மரங்களையும் சேர்த்து வெட்டினார், நான் அம்மாவின் மரவரிசைகளில் வாளியோடு பால் எடுத்தேன். அம்மாவுக்கு இருநூற்று நாற்பது மரம். கணக்கப்பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்று, "எங்கடா ஒங்கம்மா? படத்துல நடிக்க நிப்பாட்டிக்கிட்டாங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா தலையைத் தூக்காமல் வெட்டிக்கொண்டே இருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது. "பையன் எடுக்குறதுக்கு அரப்பேருதான் போடுவேன்" என்று கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டு போனார். எனக்கோ வயிற்றில் மூன்று துண்டுக் கிழங்கும், மண்டையில் அந்த இன்ஸ்பெக்டர் போனானா இருந்தானா என்ற கேள்வியும்.

இஸ்டோரில் நான்கு மணி அடித்துப் பத்து நிமிடம் இருக்கும், நூற்று அறுபத்து மூன்றாவது மரத்தில் நிற்கிறேன், அம்மா வந்தார். வெளியே போகிற சேலையை முட்டிக்குத் தூக்கிச் செருகியிருந்தார். வழியில் பிள்ளைக்காம்பராவில் எடுத்த கமலா இடுப்பில். கமலா அம்மாவின் வலக்கை ஆட்காட்டி விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள், இறக்கிவிட்டபோது விரலை விடாமல் அழுதாள். அம்மா அவசரமாகக் கையை ஓடைத் தண்ணீரில் அலசிவிட்டு, என்னிடமிருந்து வாளியை வாங்கி மீதி எழுபத்தேழு மரத்தையும் எடுத்து முடித்தார். அப்பாவிடம், "பஸ்ஸு வரல" என்றார். அப்பா கேட்கவே இல்லை.

எனக்குத்தான் கணக்கு இடித்தது. படம் எவ்வளவு நீளம் என்றாலும் ஒன்றேகாலுக்கு முடிந்திருக்க வேண்டும். நடை ஐம்பது நிமிடம். இரண்டு ஐந்துக்கு வந்திருக்க வேண்டியவர் நான்கு பத்துக்கு வந்தார். இரண்டு மணி ஐந்து நிமிடம் எங்கே? பஸ் வராவிட்டால் நடக்கிற ஆள்தானே அம்மா. கொப்பியில் அன்றைய பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

லயத்தில் பேச்சு ஒரு வாரம் ஓடியது. "புருஷன் மரம் வெட்ட, பொஞ்சாதி படம் பாத்தாளாம்" என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அம்மா காதில் விழச் சொன்னார்கள். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அப்பா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் அடக்க முடியாமல் நான்தான் கேட்டேன்: "அம்மா, அவன் போயிட்டானா?"

அம்மா கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே சொன்னார். அவன் பஸ் ஏறிப் போய்விட்டானாம். போகிற வழியில் குடையை மறந்துவிட்டது ஞாபகம் வந்து, இறங்கித் திரும்பி வந்தானாம். கடையில் அவளைத் தவிர ஒருவரும் இல்லையாம். அவளை ஜன்னலோரத்து மேசையில் உட்காரவைத்து, அவனே உள்ளே போய் அடுப்பை மூட்டி, ஒன்று சுட்டு எடுத்து வந்து அவள் இலையில் வைத்து, மேலே பாகு ஊற்றினானாம். "அவ ரொம்ப நேரம் திங்காம சும்மாப் பாத்துக்கிட்டே இருந்தா" என்றார் அம்மா. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பா புரளாமல் இருந்த விதத்தில் அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கமலா கேட்டபோது குடை இல்லை, பஸ்ஸே பழுதாகி நின்றுவிட்டது. தீபாவளிக்கு முதல் நாள் சொன்னபோது மாற்றல் உத்தரவு வேறொருவனுடையது என்று ஆனது. கமலா கல்யாணத்துக்கு முதல் வாரம் சொன்ன முடிவில் இரண்டு பேருக்கும் கல்யாணமே நடந்தது. அதில் மாப்பிள்ளை பந்தியில் பொண்ணுக்குப் பரிமாறினான். ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று நான் சண்டை பிடிப்பேன். "போன தடவ குடைன்னு சொன்னியே."

"குடையும் இருந்துச்சு."

"பஸ்ஸு ஓடுச்சா, நின்னுச்சா? ரெண்டுல ஒண்ணுதானே நடக்கும்."

"நீ முடிவக் கேக்குறியா, கணக்குக் கேக்குறியா?" என்பார் அம்மா, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு. செல்லம்மா சின்னம்மாவிடம் ஒரு நாள் தனியாகப் போய்க் கேட்டேன், அவரும் அன்றைக்கு அங்கேதானே இருந்தார். அவர் முற்றத்தைக் கூட்டிக்கொண்டே, "ஒங்கம்மா என்ன சொல்லுச்சோ அதுதான்" என்றார்.

முடிவுகள் மாறினாலும் மூன்று விஷயம் மாறவில்லை என்று பிற்பாடு கவனித்தேன். ஒவ்வொன்றிலும் அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொன்றிலும் வேறு யாரோ பரிமாறுவார்கள். ஒவ்வொன்றிலும் கடைசியில் ஏதோ ஒரு தித்திப்பு மேலே ஊற்றப்படும்.

அப்பா படுக்கையாகக் கிடந்த கடைசி மாதத்தில் ஒரு மத்தியானம், நான் விசிறிக்கொண்டிருக்கிறேன், அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். "அன்னைக்கி அந்தப் படத்துல, அந்தாளு போனானா, இருந்தானா புள்ள?" இருபத்து மூன்று வருடம் கழித்து அவர் கேட்ட முதல் கேள்வி. அம்மா கஞ்சிக் கரண்டியை ஆற்றிக்கொண்டே, "இருந்தான்" என்றார். அது ஒன்பதாவது முடிவு, எல்லாவற்றிலும் சின்னது. ஆறு வருடத்தில் அம்மாவும் போய்விட்டார்.

நான் இப்போது பெல்மதுளையில் இருக்கிறேன். அறுபத்து நான்கு நடக்கிறது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பதினோரு வருடமாக, முழங்கால் வலி ஆறு வருடமாக, தூக்கமின்மைக்கு வயது எனக்கே தெரியாது. அந்தப் படத்தைத் தேடாத இடம் இல்லை. கொழும்பில் இருக்கும் பேத்தி தன் போனில், எடை, இன்ஸ்பெக்டர், சாப்பாட்டுக்கடை என்று நான் சொன்ன எல்லாச் சொல்லையும் போட்டுப் பார்த்தாள். இன்றுவரை அவள் போனுக்குத் தராசு விளம்பரம் வந்துகொண்டிருப்பதாகக் கோபிக்கிறாள்.

போன பெப்ரவரியில் செல்லம்மா சின்னம்மாவுக்குச் சுகமில்லை என்று அவர் மகன் போன் எடுத்தான். யட்டியாந்தோட்டைக்கு மேலே, பழைய லயத்துக்குப் பக்கத்தில்தான் வீடு. இரண்டு பஸ் மாறி, ஒரு பெட்டி பிஸ்கட்டோடு போனேன். லயத்துக்குத் தகரம் மாற்றியிருக்கிறார்கள், பீலி இல்லை, குழாய். அம்மாவின் இருநூற்று நாற்பது மரமும் இல்லை, அந்த மேட்டில் எண்ணெய்ப் பனை நிற்கிறது. சின்னம்மா கட்டிலில் சுருண்டு கிடந்தார். ஆனால் பேச்சு சுருளவில்லை.

"இன்னமும் எண்ணிக்கிட்டுத்தான் திரியுறியா?" என்று கேட்டார். நான், கேட்காமல் விட்டால் இனிக் கேட்கவே முடியாது என்ற பயத்தில், அந்தப் படத்தின் முடிவைக் கேட்டேன்.

"முடிவா?" சின்னம்மா சிரித்து இருமினார். "எவன் பாத்தான் முடிவ. நீயும் ஒங்கப்பனும் போயி பத்து நிமிசம் ஆகல, எஞ்சினு நின்னு போச்சு. தண்ணி ஏறிருச்சாம். ஒரு மணிவரைக்கும் ஒக்கார வச்சுட்டு, பாதிக் காசக் குடுத்துப் போகச் சொல்லிட்டானுங்க."

"அப்ப அம்மா?"

"அக்கா நேரா எதுத்தாப்புல ஓட்டலுக்குள்ள போயிருச்சு. தனியா. பொம்பள தனியா ஓட்டல்ல ஏறி ஒக்காந்த காலமா அது? ஜன்னலு பக்கத்து மேச. நான் பஸ்ஸு நிக்கிற எடத்துல நின்னு பாக்குறேன். சோறு இல்ல அன்னைக்கி, ஆப்பந்தான். கோதும மாவுல ஊத்துனது. பையன் கொண்டாந்து வச்சு, போத்தலச் சாச்சு பாகு மாதிரி கித்துல் பாணிய ஊத்துறான். அக்கா திங்கல. ரொம்ப நேரம் அதப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் தின்னுச்சு. அப்புறம் இன்னொன்னு கொண்டாரச் சொல்லுச்சு."

"இன்னொன்னா?" என்றேன்.

"என்னயும் கண்டுருச்சு. வா புள்ளன்னு கையக் காட்டுச்சு. யாராச்சும் பாத்துட்டா என்னாகும்னு நான் போகல. நடந்து வந்துட்டேன்." சின்னம்மா போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார். "மறுநாளு வந்து, சொல்லிறாத புள்ளன்னுச்சு. சொல்லல. ஆனா நான் போயிருக்கணும்டா. இன்னமும் அதத்தான் நெனச்சுக்கிட்டு கெடக்குறேன்."

இறங்கி வரும்போது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம்தான் வந்தது. பஞ்ச வருஷம். இரண்டு ஆப்பம், வீட்டில் நான்கு வாய், ஆளுக்குப் பாதி வந்திருக்கும். மூன்று துண்டுக் கிழங்கோடு இரண்டரை மைல் ஓடி, அம்மாவின் நூற்று அறுபத்து மூன்று மரத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கென்று ஒரு ஓரம்கூட இலையில் மடித்து வரவில்லையே என்று, அறுபத்து நான்கு வயதுக் கிழவன், ரோட்டில் நின்று பன்னிரண்டு வயதுக்குக் கோபித்துக்கொண்டேன். கமலாவுக்காவது விரல் கிடைத்தது. அந்த இரண்டு மணி ஐந்து நிமிடம் இப்படித்தான் கணக்கில் வந்து உட்கார்ந்தது.

கடைவீதிக்கு வந்தேன். கொட்டகை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கதிரை விற்கிறார்கள், ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரைவரை அடுக்கியிருக்கிறார்கள். எதிரில் ஓட்டல் இருக்கிறது. அதே கடையா என்று தெரியாது, பெயர் வேறு, முன்பக்கம் கண்ணாடி. ஜன்னல் அதே ஜன்னலாக இருக்கலாம். பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. முழங்கால் வலித்தது. உள்ளே போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஒரு பிளேன் டீ கேட்டேன். டீ வந்தபோது, என்னை அறியாமல், பாணி ஆப்பம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது.

சிங்களப் பிள்ளை ஒருத்தி கொண்டுவந்து வைத்தாள். பாணி நடுவில் குளமாக நின்றது, ஓரம் மொறுமொறுப்பாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சீனி வருத்தத்தைப் பார்க்கும் டாக்டரின் முகம் ஞாபகம் வந்தது. பிறகு ஓரத்திலிருந்து பிய்த்தேன். நான் அதை எண்ணவில்லை, எத்தனை வாய், எத்தனை நிமிடம் என்று இப்போது கேட்டால் தெரியாது. ரோட்டில் மழை ஏதும் இல்லை, சாதாரண வெயில், சாதாரண ஆட்கள் போனார்கள் வந்தார்கள். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. யாருடைய மரத்திலும் நான் நிற்க வேண்டியிருக்கவில்லை. அப்போதுதான் அம்மா ஏன் ஓரத்தைக்கூட மடித்து வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. மடித்திருந்தால் அது எங்கள் சாப்பாடாகியிருக்கும்.

அந்தப் பிள்ளை பக்கத்தில் வந்து, "தவ எகக் தென்னத, அங்கிள்?" என்று கேட்டாள், இன்னும் ஒன்று தரவா என்று.

"தென்ன துவே" என்றேன், கொடு மகளே என்று.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "வழியில என்ன சாப்பிட்டீங்க?" நான் அன்றாடச் செலவு எழுதும் நோட்டை ஒவ்வொரு இரவும் அவள் படிப்பாள், சீனி வருத்தக்காரன் எதற்கெல்லாம் காசு கொடுத்தான் என்று.

"ஒண்ணுமில்ல. பிளேன் டீதான். பஸ்ஸு வரல, அதான் பிந்திருச்சு."

நோட்டை எடுத்து அன்றைய பக்கத்தில் எழுதினேன். பஸ், போகவும் வரவும் எழுநூற்று அறுபது. பிஸ்கட் நானூற்று எண்பது. பிளேன் டீ, சீனி இல்லாமல், ஐம்பது. கூட்டிக் கோடு போட்டேன். ஐம்பத்துச் சொச்சம் வருடத்தில் முதல் தடவையாக ஒரு தொகையை எழுதாமல் விட்டேன்: ஆப்பம் இரண்டு, பாணியோடு, நூற்றிருபது ரூபாய்.